அப்பாவின் மொறிஸ் மைனர்: திருத்துவதா, விடுவதா?

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு முதற்தடவையாக வருகிறவர்கள் வியந்து பார்க்கும் பொருட்களில் ஒன்று எங்கள் பழைய கார்கள். ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், மொறிஸ் மைனர் என்று, பிரித்தானியாவில் 1950களிலும் 60களிலும் செய்யப்பட்ட வாகனங்கள் இன்றும் அங்குமிங்குமாக ஓடித் திரிகின்றன. கலியாண வீட்டு வாசலில் பூமாலையுடன் ஒன்று நிற்கும். கோயில் வீதியில் குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு இன்னொன்று போகும். இன்னும் பல, வீட்டு வளவுகளில் கிடுகுக் கொட்டிலுக்குள்ளே அசையாமல் நிற்கின்றன. அப்படி நிற்கும் கார்களில் ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அது வடமராட்சியில், கரவெட்டியில், என் தாய் வீட்டில் நின்ற மொறிஸ் மைனர்.

நான் கிளிநொச்சியில் வசிக்கிறேன். தையல் என் தொழில். 2009 இல் கணவரை இழந்த பின்னர் ஒரே மகளை வளர்த்துப் படிப்பித்து வருகிறேன். 2025 ஆவணி மாதம் அம்மாவிடமிருந்து தொலைபேசி வந்தது. “பிள்ளை, பழைய இரும்பு எடுக்கிற ஒருத்தர் வந்து காரைப் பார்த்திட்டுப் போறார். அறுபதினாயிரம் தாறனெண்டு சொல்லுறார். தம்பி கனடாவிலையிருந்து திருத்துவம் எண்டுறான். நீ வந்து ஒரு முடிவு சொல்லு” என்றார். ஒரு சனிக்கிழமை காலையில் பஸ் ஏறினேன்.

ஏ-9 வீதியில்

கிளிநொச்சியிலிருந்து வடக்கே போகும் இந்த வீதியை எம்மில் மறக்கக்கூடியவர்கள் யார்? 2002 இல் திறந்தார்கள், 2006 ஆவணியில் மூடினார்கள், போருக்குப் பின்னர் மீண்டும் திறந்தார்கள். பரந்தன் கடந்து ஆனையிறவுக்கு வரும்போது இரு பக்கமும் உப்பு வெளியும் நீரும் கண்ணுக்கெட்டிய தூரம் விரிகின்றன. அதன் பின்னர் பனைகள் தொடங்கும். பளை தாண்டியதும் தென்னந்தோட்டங்கள். கொடிகாமத்தில் இறங்கி, வரணிப் பக்கமாகப் போகும் பஸ்ஸில் ஏறி நெல்லியடியை அடைந்தேன். முன்னர் இந்தக் கொடிகாமம் - பருத்தித்துறை வீதியில் தட்டிவான்கள் ஓடின. சந்தைக்குப் போகும் பெண்கள் கடகங்களோடும் வாழைக்குலைகளோடும் அதில் ஏறுவார்கள். தட்டிவானும் பழைய காரும் இந்த ஊர்களின் கால்கள் என்று சொன்னால் மிகையில்லை.

வழியெல்லாம் ஒரே யோசனையாக இருந்தது. 2009 இல் நாங்கள் மாத்தளனில் விட்டுவிட்டு வந்த மோட்டார் சைக்கிளுக்கு இன்றுவரை ஒரு தடயமும் இல்லை. போர் முடிந்த பின்னர் முள்ளிவாய்க்கால் பக்கம் பஸ்ஸும் லொறியும் சைக்கிளும் எரிந்து குவிந்து கிடந்ததை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். அவ்வளவையும் இழந்த எங்களுக்கு, தப்பி நிற்கும் ஒரு பொருளைக் கைவிடுவது இலேசான காரியமல்ல. “இதையாவது வைத்திருப்போம்” என்றுதான் மனம் சொல்லும். ஆனால் மனம் சொல்வதைக் கேட்டபின் கணக்கையும் கேட்க வேண்டியிருக்கிறது.

அந்தக் காரின் கதை

மொறிஸ் மைனர் 1948 இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் ‘மினி’ காரை வடிவமைத்தவரும் அவரே. சாதாரண குடும்பங்கள் வாங்கக்கூடிய விலையில், சிறிய எஞ்சினுடன், குறைந்த செலவில் ஓடக்கூடியதாக அது செய்யப்பட்டது. பத்து இலட்சத்துக்கு மேல் தயாரிக்கப்பட்ட முதலாவது பிரித்தானியக் கார் அதுதான். 1970களின் தொடக்கத்தில் அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. இலங்கையில் ஆசிரியர்கள், வைத்தியர்கள், எழுதுவினைஞர்கள், வாடகைக்கு ஓட்டுவோர் என்று பலரும் அதை விரும்பினார்கள். 1990களில் இலங்கையிலேயே மொறிஸ் மைனருக்கான உடற்பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்றால், இந்தக் காருக்கும் எங்கள் நாட்டுக்கும் உள்ள உறவை விளங்கிக்கொள்ளலாம்.

அப்பாவிடம் இருந்தது மைனர் 1000 என்ற வகை. முன்கண்ணாடி ஒரே துண்டாக இருக்கும். அதற்கு முந்திய மைனர்களில் அந்தக் கண்ணாடி நடுவில் பிரிந்திருக்கும். அதன் எஞ்சின் 948 கன சென்ரிமீற்றர் கொண்டது. அப்பா அதை நெல்லியடிச் சந்தியில் நிறுத்தி வாடகைக்கு ஓட்டினார். அந்த உழைப்பில்தான் நானும் தம்பியும் படித்தோம்.

1990 இல் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் கிடைக்காமல் போனது. பற்றறியும் தடை. ஆனாலும் கார்கள் நிற்கவில்லை. மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது, ஆகவே குளிர்ந்த எஞ்சின் அதில் இயங்கத் தொடங்காது. சூப்பிப் போத்தலில் வைத்திருக்கும் கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி, கைப்பிடியால் சுற்றி இயக்கி, எஞ்சின் சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வீதியெல்லாம் அந்தப் புகை மணம். எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலந்து அதைத் தண்ணீராக்கிவிடும். அப்படிப் பல ஆண்டுகள் ஓடிய எஞ்சின்களின் உள்பக்கம் தேய்ந்து போனது.

1995 ஐப்பசி இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்தபோது, எங்கள் வீட்டில் மட்டும் ஐந்து குடும்பங்கள் இருந்தன. அந்த மாதங்களில் பிள்ளைப்பேற்றுக்காக எத்தனையோ தாய்மாரை அப்பா மந்திகை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றார். பலரிடம் காசு வாங்கவில்லை. அப்பா 2004 இல் காலமானார். தம்பி கொஞ்சக் காலம் ஓட்டினான். 2006 இல் அவன் வெளிநாடு போக, கார் கொட்டிலுக்குள் நின்றது. 19 ஆண்டுகள்.

கராச் அண்ணையின் சுத்தியல்

அம்மாவும் நானும் அயலூரில் உள்ள ஒரு கராச்சிலிருந்து அனுபவமுள்ள ஒருவரை அழைத்துவந்தோம். அவருக்கு எழுபது வயதிருக்கும். “என்ன தங்கச்சி, அப்பான்ரை கார் என்னைக் கண்டு ஒளிக்குதோ?” என்று பகிடி விட்டபடி கொட்டிலுக்குள் நுழைந்தார். அவர் எஞ்சினைப் பார்க்கவேயில்லை. முதலில் குனிந்து காரின் அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

காரணத்தை அவரே விளக்கினார். பழைய லொறி போன்றவற்றுக்குக் கீழே தனியான செஸி இருக்கும். மேற்பகுதி உக்கினாலும் செஸி தாங்கும். மொறிஸ் மைனருக்கு அப்படித் தனிச் செஸி இல்லை. உடல் முழுவதும் ஒரு பெட்டிபோலச் சேர்ந்தே பாரத்தைத் தாங்குகிறது. கதவுகளுக்குக் கீழே ஓடும் தகரக் குழாய்ப் பகுதி, கால் வைக்கும் தளம், பின் வில்லுத் தகடு மாட்டும் இடம் ஆகியவற்றில் கறள் பிடித்தால் வீட்டின் அத்திவாரம் உக்கியது போலத்தான். எஞ்சினைத் திருத்துவது சின்ன வேலை. இதுதான் பெரிய வேலை.

சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகரம் ‘டங்’ என்றது. உக்கிய இடம் சத்தமில்லாமல் உள்ளே போனது. பின்னர் சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத் துண்டை எடுத்துக் கதவின் கீழே வைத்தார். அது ஒட்டாமல் கீழே விழுந்தது. “இதிலை தகரம் இல்லை, தங்கச்சி. முந்தி ஆரோ பூட்டி அப்பி பெயின்ற் அடிச்சிருக்கினம்” என்றார். பழைய கார் வாங்கப் போகிறவர்களும் இந்தக் காந்தப் பரிசோதனையை நினைவில் வைத்திருக்கலாம்.

அடுத்ததாக முன் சில்லுகளைப் பிடித்து ஆட்டினார். மைனரின் முன்சில்லைத் தாங்கும் மூட்டுக்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால் அது தேய்ந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே சில்லு மடங்கிவிடும். பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில் தளத்துக்குக் கீழே இருக்கிறது. அதையும் கழற்ற வேண்டும். “இரண்டும் உயிரோடை விளையாடுற சாமான். பாட்டாப் பாட்டுக்குச் செய்யேலாது” என்றார்.

அவர் வாயால் சொல்ல, நான் மகளின் பழைய கொப்பியில் எழுதினேன்.

எஞ்சின் பிரித்து, சிலிண்டர் பெருப்பித்து, பிஸ்ரன், வால்வு, பெயரிங் மாற்ற 2,80,000 ரூபா.

பிரேக், முன் மூட்டுகள் 1,20,000.

ரயர் ஐந்தும் பற்றறியும் 1,30,000.

வயர் வேலை 45,000.

தகர வேலையும் வெல்டிங்கும் 3,50,000.

பெயின்ற் 2,25,000.

இருக்கை, உள்விரிப்பு, கண்ணாடி இறப்பர்கள் 1,00,000.

மொத்தம் 12,50,000 ரூபா. “வெட்டிப் பார்த்தால்தான் உள்ளுக்குக் கறள் எவ்வளவெண்டு தெரியும். அதுக்கு ஒரு இரண்டரை இலட்சம் ஒதுக்கி வையுங்கோ” என்றார். ஆக 15 இலட்சம். திருத்தி முடிந்தால் என்ன விலைக்குப் போகும் என்று கேட்டேன். 12 முதல் 14 இலட்சம் என்றார். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பின்னர் பழைய கார்களின் விலை ஏறியதையும், 2025 மாசியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி கிடைத்ததையும் அவரே சொன்னார். இனி விலை ஏறும் என்று நம்பிக் காசு போடக்கூடாது என்பது அவர் எண்ணம். தனக்கு வரும் வேலையைத் தானே தடுத்த அந்த மனிதரின் நேர்மையை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது.

கொப்பியில் இன்னொரு பக்கம்

தம்பியுடன் அன்று இரவு கதைத்தோம். அவனுடைய யோசனை, காரைத் திருத்திக் கலியாணங்களுக்கு வாடகைக்கு விடலாம், அம்மாவுக்கும் எனக்கும் வருமானம் வரும் என்பது. நல்ல எண்ணம். தான் 5 இலட்சம் தருவதாகவும் சொன்னான். நான் அந்தக் கணக்கையும் எழுதினேன்.

ஒரு கலியாணத்துக்கு வாடகை 20,000 ரூபா. சாரதிக்கு 4,000. பெற்றோலுக்கு 2,500. மிச்சம் 13,500. ஆண்டுக்கு 20 கலியாணம் கிடைத்தால் 2,70,000. ஆடி, மார்கழி, புரட்டாதி மாதங்களில் கலியாணம் குறைவு, எனவே 20 என்பதே நல்ல எண்ணிக்கைதான். காப்புறுதி, வரிப்பத்திரம், புகைப் பரிசோதனை, பழுதுபார்ப்பு என்று 60,000 கழித்தால் 2,10,000. போட்ட 15 இலட்சம் திரும்பி வர ஏழு ஆண்டுகளுக்கு மேல். அதற்குள் எஞ்சின் ஒரு தடவை நின்றாலும் கணக்கு மாறிவிடும். 2022 இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றதையும் பின்னர் கியூஆர் அட்டையில் அளந்து தந்ததையும் நாம் மறக்கவில்லை.

தம்பியின் 5 இலட்சம் போக 10 இலட்சம் வேண்டும். என்னிடம் சீட்டிலும் சேமிப்பிலும் சேர்ந்த 4 இலட்சம் இருக்கிறது. அது மகளின் படிப்புக்கு. அவள் மட்டக்களப்பில் பல்கலைக்கழகம் போகிறாள். விடுதி, போக்குவரத்து, புத்தகம் என்று நான்கு ஆண்டுகளுக்குச் செலவு காத்திருக்கிறது. மீதி 6 இலட்சம் கடன் எடுக்க வேண்டும்.

கடன் என்ற சொல் வந்ததும் பேனையைக் கீழே வைத்தேன். போருக்குப் பின்னர் எம் ஊர்களுக்குள் நுண்கடன் வந்த விதம் உங்களுக்குத் தெரியும். வாராவாரம் வாசலில் வந்து நிற்பார்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்த பெண்கள் எத்தனை பேர்! 2018 இல் ஒரு பகுதிக் கடனைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது என்றால் அந்தச் சுமையை அளந்துகொள்ளலாம். வயிற்றுக்கும் படிப்புக்கும் எடுத்த கடனையே அடைக்கத் திண்டாடிய நாங்கள், நினைவுக்காகக் கடன்படலாமா?

அம்மா சொன்னது

மறுநாள் காலையில் அயல் வீட்டு ஆச்சி வந்தார். கொட்டில் திறந்திருப்பதைக் கண்டு உள்ளே போய்க் காரின் முன்பக்கத்தைத் தடவினார். “இதுக்குள்ளை இருந்துதான் என்ரை மூத்தவனைப் பெறப் போனனான். வல்லை வெளியிலை ஷெல் விழுற சத்தம் கேக்குது. உன்ரை கொப்பர் லைற்றைப் போடாமல் மந்திகைக்குக் கொண்டு போனவர்” என்றார். எனக்கு நெஞ்சு கனத்தது. இதை எப்படி அறுபதினாயிரத்துக்கு இரும்பாக்குவது? திருத்தியே ஆகவேண்டும் என்று அந்த நிமிடம் தோன்றியது.

அம்மாவைப் பார்த்தேன். கார் மீது அவருக்குத்தான் அதிக பற்று. தினமும் அந்தக் கொட்டிலைக் கூட்டி வைப்பவர் அவர். ஆனால் அவர் கலங்கவில்லை.

“பிள்ளை, உன்ரை அப்பா காரை வைச்சு உங்களைப் படிப்பிச்சவர். உங்கடை படிப்பை வித்துக் காரை வைச்சிருக்கேல்லை. பேத்தியின்ரை காசிலை கை வைக்க வேண்டாம். ஆனால் வெட்டி இரும்பாக்கவும் குடாதை. ஓட்டக்கூடின ஆரும் எடுத்தால் குடுப்பம்.”

அதுதான் முடிவாயிற்று. திருத்துவது, இரும்புக்கு விற்பது என்ற இரண்டு வழிகளைத்தான் நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது வழியை அம்மா காட்டினார்.

தம்பி முதலில் மனம் வருந்தினான். கொப்பியின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினேன். அடுத்த நாள் அழைத்து, “அக்கா, நீங்கள் சொல்லுறது சரி” என்றான்.

பத்திரங்கள்

முழுக் காராக விற்பதென்றால் பத்திரம் முக்கியம். அதிர்ஷ்டவசமாக இடப்பெயர்வுகளுக்கு ஊடாகவும் அம்மா பதிவுப் புத்தகத்தைக் காணி உறுதியோடு பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தார். அதில் உள்ள செஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் காரில் உள்ளவற்றோடு ஒத்திருந்தன. போர்க் காலத்தில் பல கார்களுக்கு வேறு எஞ்சின் மாற்றிப் போட்டார்கள். பதிவில் அதைத் திருத்தாவிட்டால் பெயர் மாற்றுவது சிரமம். பதிவு அப்பாவின் பெயரில் இருந்ததால், மரணச் சான்றிதழும் உரித்தாளர்கள் எல்லோருடைய சம்மதமும் தேவைப்பட்டன. தம்பியின் கையெழுத்து கடிதத்தில் வந்துசேர ஒரு மாதம் எடுத்தது. பொறுமையாகச் செய்தோம்.

காரில் இருந்தது பழைய ‘ஸ்ரீ’ இலக்கத் தகடு. 1958 இல் அந்த எழுத்துக்காகவே இந்த மண்ணில் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. இன்று பழைய கார் சேர்ப்பவர்கள் அசல் தகடு இருக்கிறதா என்று விசாரித்து வாங்குகிறார்கள். காலம் எதையெல்லாம் மாற்றுகிறது!

பத்திரம் சரியானதும் விலையும் மாறியது. கராச் அண்ணை மூலம் மூன்று பேர் பார்த்தார்கள். யாழ்ப்பாணத்தில் பழைய கார்களைத் திருத்தி வாடகைக்கு விடும் ஒருவர் 3,25,000 ரூபாவுக்கு எடுத்தார். அவரிடம் சொந்தக் கராச்சும், உதிரிப்பாகத்துக்காக வாங்கிய இன்னும் இரண்டு மைனர்களும் இருக்கின்றன. எங்களுக்கு 15 இலட்சம் முடியும் வேலை அவருக்கு அதில் பாதியோடு முடியும். ஆகவே எங்களுக்கு நட்டமாகும் கார் அவருக்கு இலாபமாகிறது. ஒரு பொருளின் பெறுமதி அது யாருடைய கையில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது என்பதை அன்று கண்டேன்.

லொறியில் ஏற்றும்போது அம்மா உள்ளே போய், அப்பா எஞ்சின் சுற்றும் இரும்புக் கைப்பிடியை எடுத்துவந்தார். நினைவுக்கு வைத்திருக்கப் போகிறார் என்று நினைத்தேன். “இதுவும் அதோடை போகட்டும். இல்லாட்டில் பற்றறி இறங்கினால் என்ன செய்வினம்?” என்று வாங்கியவரின் கையில் கொடுத்தார்.

சகோதரிகளே, எம்மில் பலரின் வீடுகளில் இப்படி ஏதோவொன்று நிற்கிறது. காராக இல்லாவிட்டால் கணவரின் உழவு இயந்திரம், தண்ணீர்ப் பம்பி, வள்ளத்து எஞ்சின். அதைத் திருத்துவதா என்று யோசிக்கும்போது சில கேள்விகளை எழுதி வைத்துப் பாருங்கள். உள்ளே உக்கியது எவ்வளவு? திருத்தியபின் என்ன பெறும்? அது மாதாமாதம் ஏதாவது உழைத்துத் தருமா? அந்தக் காசு வேறு யாருடைய தேவைக்காக ஒதுக்கியது? கடன் இல்லாமல் முடியுமா? பத்திரம் கையில் இருக்கிறதா? நம்பிக்கையான ஒருவரைக் கூப்பிட்டுப் பார்த்து, செலவை ஒவ்வொன்றாக எழுதுங்கள். கறள் போன்ற கண்ணுக்குத் தெரியாத செலவுக்கு ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். உழைத்துத் தரும் பொருள் என்றால், கைக்காசும் இருந்தால், துணிந்து திருத்துங்கள். வடமராட்சியில் கணவரின் வள்ளத்து எஞ்சினைத் திருத்தி வாடகைக்குக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்க்கும் பெண் ஒருவரையும் நான் அறிவேன். கணக்குச் சரிவராவிட்டால், உக்கி மண்ணாகும்வரை வைத்திராமல், அதை ஓட்டக்கூடிய கைக்கு நல்ல விலைக்குக் கொடுங்கள். அதில் அவமானமும் இல்லை, நன்றிகேடும் இல்லை.

3,25,000 ரூபாவில் கொஞ்சம் எடுத்து அம்மாவின் கிணற்றடிக்கு ஒரு தண்ணீர்ப் பம்பி பூட்டினோம். மீதி மகளின் பெயரில் வங்கியில் இருக்கிறது. கொட்டில் நின்ற இடத்தில் அம்மா கத்தரியும் மிளகாயும் நட்டிருக்கிறார்.